அக்கினி மூலைக்கு ஒரு வயர்

இந்தக் கதை நான் நேரில் பார்த்ததல்ல. என்னோடு வேலை பார்க்கும் தவசிலிங்கம் சாப்பாட்டு இடைவேளையில் சொன்னது. அவரும் பாதியைத்தான் பார்த்திருக்கிறார். மீதி அவராக நினைத்துக்கொண்டது. வயர்கள் பேசியதை யார் கேட்டார்கள் என்று கேட்டேன்.

"பேசுறதுக்குத்தானங்க வயரே இருக்கு?" என்றார்.

அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தவசி ஒரு செய்தியை இங்கிருந்து அங்கே கொண்டுபோனால் வழியில் கொஞ்சம் சிந்திவிடும். கெட்ட எண்ணத்தால் அல்ல. நல்ல மனதால்தான்.

கோவில்பட்டியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஒரே ஒரு நீள அறையில் ஒரு கேமிங் சென்டர் இருந்தது. அதை நடத்தியவர்கள் காளிராஜும் அவர் மனைவி மாரீஸ்வரியும். தவசி மாரீஸ்வரியின் தம்பி. வேலை முடிந்து சாயங்காலம் அங்கே போய் உட்காருவது அவர் வழக்கம்.

சென்டரில் நான்கு கணினிகள் பழையவை. ஒன்று மட்டும் புதியது. அந்தப் புதிய பெட்டிக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு குடியிருந்தது. திரையில் தெரியும் படங்களை வரைந்து அனுப்புவது அதன் வேலை. கல்யாண வீட்டுச் சமையல்காரரைப் போல எப்போதும் சூடாகவும் வேகமாகவும் இருக்கும். "அடுத்த பந்தி, அடுத்த பந்தி" என்று இரைந்துகொண்டே இருக்கும்.

இதற்கு முன்பு இருந்த பெட்டி ஒருநாள் புகைந்து செத்துப்போயிருந்தது. அதிலிருந்து காளிராஜுக்குப் பயம். புதிய பெட்டி வந்ததும் வாஸ்து பார்க்கிறவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். சூடு விடுகிற பொருள் அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில் இருக்க வேண்டும். அதில் விளையாடுகிறவர் வடக்குப் பார்த்து உட்கார வேண்டும். இப்படி ஏற்பாடாயிற்று. பெட்டி தென்கிழக்கு மூலைக்குப் போனது. வடக்குச் சுவரோரம் ஒரு புது மேசை வந்தது. நடுவில் பதினைந்து அடி. கீபோர்டும் மவுசும் வயரில்லாதவை. அவை தூரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கவலைப்பட்டது புது மானிட்டர்தான்.

அது மாரீஸ்வரிக்காக வாங்கியது. திரையில் ஓடுவது போலத் தெரிவதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்கள். சாதாரணத் திரை நொடிக்கு அறுபது படம் காட்டும். இது நூற்று நாற்பத்து நான்கு காட்டும். துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் எதிரி சுவருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினால் கண்ணிமைக்கும் நேரம் முன்னதாகவே தெரிந்துவிடும் என்பது விளையாடுகிறவர்கள் கணக்கு.

மாரீஸ்வரி நன்றாக விளையாடுவார். நன்றாக என்றால், விளையாட வந்தவர்கள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவர் பின்னால் வந்து நிற்கும் அளவுக்கு. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நான்கு பெண்களோடு சேர்ந்து ஒரு அணி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்களுக்கு ஒரு போட்டியின் தகுதிச் சுற்று. இணையத்தில் நடக்கும் ஆட்டம். நடுவில் திரை ஒரு கணம் அணைந்தால் போதும், ஆட்டத்துக்குள் அவருடைய ஆள் போய்விடும். ஆள் போனால் அணியும் போய்விடும்.

அதற்குள் ஒரு வம்பு நடந்துவிட்டது. நாலு பேர் இருக்கும்போது காளிராஜ், "அவ சும்மா பொழுதுபோக்குக்கு விளையாடுதா" என்று சொல்லிவிட்டார். பெருமையை மறைக்கத்தான் அப்படிச் சொன்னார் என்பது தவசியின் கட்சி. மாரீஸ்வரி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு இல்லை. காளிராஜ் தெற்குக் கோடியில், பெட்டிக்குப் பக்கத்தில் கல்லாவில் இருப்பார். மாரீஸ்வரி வடக்குக் கோடியில் திரைக்கு முன்னால் இருப்பார். நடுவில் விளையாடுகிறவர்களின் கூச்சல். எதுவானாலும் "உங்க அத்தான்கிட்ட சொல்லு", "உங்க அக்காகிட்ட சொல்லு" என்று தவசி வழியாகத்தான் போகும்.

பெட்டியிலிருந்து படத்தைக் கொண்டுவர மானிட்டருக்கு முதலில் கிடைத்தது ஒரு பழைய எச்.டி.எம்.ஐ. வயர். கல்யாண மண்டபங்களில் புரொஜெக்டருக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து அடியும் எட்டியது.

"உமக்கு எத்தனை படம் வேணும் தம்பி?" என்று கேட்டது பழைய வயர்.

"நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு. ஒன்று குறைந்தாலும் எனக்கு அவமானம்."

"அறுபது தாரேன். அறுபதும் சுத்தமா தாரேன். எத்தனை கல்யாணம் பார்த்தவன் நான்! மாப்பிள்ளை பொண்ணு போட்டோவெல்லாம் நான்தான் கொண்டுபோய்க் காட்டினேன். ஒருத்தரும் குறை சொன்னதில்லை."

"அந்தப் போட்டோவெல்லாம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும் பெரியவரே. எதிரி நிற்கமாட்டான்."

"ஓடுறவனை எதுக்குப் பார்க்கணும்?" என்றது பழைய வயர். அதனிடம் மேலே பேசிப் பயனில்லை என்று மானிட்டருக்குத் தெரிந்தது.

வாசல் ஓரம் மானிட்டர் வந்த அட்டைப்பெட்டி இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால் தேவைப்படும் என்று யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை. அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் தாரேன் நூற்று நாற்பத்து நாலு."

அது கம்பெனிக்காரர்களே மானிட்டரோடு போட்டு அனுப்பிய, டிஸ்ப்ளேபோர்ட் என்கிற வேகமான வகை வயர். பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கப்படவில்லை. ஒன்றரை மீட்டர்தான் நீளம்.

"அப்படியானால் வாயேன்!" என்றது மானிட்டர்.

"எட்டாது."

"கொஞ்சம் இழுத்துப் பிடித்தால்?"

"இழுத்தா அறுந்துருவேன். நான் குட்டை. அது என் குறையில்லை, என் அளவு. அந்தக் கார்டைப் பக்கத்துல வரச் சொல்லு. இல்லைன்னா நீ போ."

"நானா? நான் மேசைமேல் இருக்கிறேன்."

அப்போது மேசை தொண்டையைக் கனைத்தது. "எனக்கு நாலு கால் இருக்கு. வந்த நாள் முதலா ஒருத்தரும் நடக்கச் சொன்னதில்லை."

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. மேசை பேசினால் யார் கேட்கிறார்கள்?

அன்று சாயங்காலம் மாரீஸ்வரி ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தார். இரண்டு நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார்.

"எலே தவசி, இது பழைய மானிட்டர் மாதிரிதான ஓடுது. உங்க அத்தான்கிட்ட சொல்லு. பெட்டியை இங்க பக்கத்துல கொண்டாந்து வைக்கச் சொல்லு. டப்பாவுக்குள்ள சரியான வயர் சும்மா கெடக்கு, எட்ட மாட்டேங்கு. பெட்டியை நகட்ட மனசு வரலைன்னா நீளமா ஒண்ணு வாங்கச் சொல்லு."

தவசி கிளம்பினார். பெட்டியை நகர்த்தும் பேச்சை எடுத்தால் அத்தானுக்குக் கோபம் வரும் என்று வழியிலேயே தோன்றிவிட்டது. கல்லாவுக்குப் போய்ச் சேரும்போது செய்தி இவ்வளவுதான் மிஞ்சியது:

"அத்தான், அக்காவுக்கு நீளமா ஒரு வயர் வேணுமாம்."

காளிராஜ் நிமிர்ந்து பார்த்தார். "வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லை."

"சரி மாப்ள, உங்க அக்காகிட்ட போய்ச் சொல்லு. அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு. பொழுதுபோக்குன்னு வாயில வந்திருக்கக் கூடாது. எவ்வளவு நல்ல வயர் வேணும்னாலும் வாங்கிக்கலாம். இந்தப் பெட்டியை மட்டும் மூலையில இருந்து எடுக்கச் சொல்ல வேண்டாம்னு சொல்லு. எனக்குப் பயமா இருக்கு."

தவசி திரும்ப நடந்தார். அன்றைய பேச்சை ஞாபகப்படுத்தினால் அக்கா மறுபடி ஆரம்பிப்பாள். பெட்டி என்றால் இன்னும் மோசம். பயமாக இருக்கிறது என்பது ஆம்பளைக்கு மரியாதையாக இருக்காது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனதில் கடைசியில் ஒரு சொல் மிஞ்சியது.

"அத்தான் சரின்னுட்டாக."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மாரீஸ்வரி முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். "சரிங்கிறதுக்கு இவ்வளவு நேரமா?"

மறுநாள் தவசி கடைக்குப் போய், இருப்பதிலேயே தடியானதும் நீளமானதுமான டிஸ்ப்ளேபோர்ட் வயரை வாங்கிவந்தார். ஐந்து மீட்டர். மேலே துணி பின்னியிருந்தது. இரண்டு முனையிலும் தங்க முலாம். மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிறவர் போல வந்து இறங்கியது.

பழைய வயர் ஒதுங்கிக்கொண்டது. "வாரும் அண்ணாச்சி. இடத்தை விட்டுட்டேன்."

"இனிமே கவலையை விடுங்க," என்றது நீள வயர். "எவ்வளவு தூரமானாலும் நான் இருக்கேன். யாரும் யாரைத் தேடியும் போக வேண்டாம். அவுக அவுக இடத்துலயே இருங்க. நான் கொண்டு போறேன், நான் கொண்டு வாரேன்."

இந்தப் பேச்சு எல்லோருக்கும் பிடித்திருந்தது. நகர வேண்டாம் என்று சொல்கிறவரை யாருக்குத்தான் பிடிக்காது?

டப்பாவுக்குள்ளிருந்து குட்டை வயர் கேட்டது. "அண்ணாச்சி, நூற்று நாற்பத்து நாலையும் முழுசா கொண்டுபோவீகளா?"

"பெரும்பாலும்."

"பெரும்பாலும்னா?"

"தம்பி, உறவுன்னா கொஞ்சம் முன்னப் பின்னத்தான் இருக்கும்."

மாரீஸ்வரி கணினியின் அமைப்பில் போய் அறுபதை மாற்றி நூற்று நாற்பத்து நான்கு என்று வைத்தார். படம் தண்ணீர் போல ஓடியது. மானிட்டருக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு, எதிரி ஒருவனை அவர் துரத்திக்கொண்டு போகும்போது, திரை கருப்பாயிற்று. ஒரு மூச்சு விடும் நேரம். மீண்டும் வந்தது. எதிரி இல்லை. மாரீஸ்வரியின் ஆளும் இல்லை.

"என்ன நடந்தது?" என்று மானிட்டர் பதறியது.

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை," என்றது நீள வயர்.

அந்தக் கோடியில் கார்டு இரைந்தது. "நான் சுடச்சுட அனுப்பினதெல்லாம் எங்கய்யா? அந்தக் கண்ணாடித் தட்டுக்குக் கண் தெரியாதான்னு கேளும்!"

நீள வயர் பதினைந்து அடியும் அதைச் சுமந்துகொண்டு வந்தது. "கார்டு உங்களை நலம் விசாரிச்சாரு," என்றது.

"நலமா? நான் இங்கே கருப்பாக நிற்கிறேன்! அனுப்பத் துப்பில்லாவிட்டால் விசிறியை அணைத்துவிட்டுத் தூங்கச் சொல்லும்!"

நீள வயர் திரும்பப் போனது. "மானிட்டர் உங்களைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொன்னாரு. உங்க உடம்பு மேல அக்கறை."

"எனக்கு எதுக்கு ஓய்வு?" என்று கார்டு குழம்பியது. குழப்பத்தில் இன்னும் வேகமாக அனுப்பியது. திரை இன்னும் இரண்டு முறை அணைந்தது.

குட்டை வயரால் பொறுக்க முடியவில்லை. "அண்ணாச்சி, அவரு சொன்னது அது இல்லையே!"

நீள வயர் குரலைத் தாழ்த்தியது. "எல்லாத்தையும் தூக்கிட்டு இவ்வளவு தூரம் வர என்னால முடியலை தம்பி. கனமா இருக்கிறதை வழியில இறக்கி வச்சுட்டேன். ரெண்டு பேரும் சண்டை போடாம இருந்தாச் சரிதான?"

"சண்டை போடலை. பேசவும் இல்லையே."

நீள வயருக்கு நல்ல மனது. ஆனால் அதன் நீளத்துக்கு அந்த வேகம் தாங்கவில்லை. முகத்தில் தங்க முலாம் பூசிக்கொண்டு இதை எப்படிச் சொல்வது என்று அதற்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சென்டருக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மாரீஸ்வரி முன்னதாகவே உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார். திரை ஓடியது, அணைந்தது, ஓடியது, அணைந்தது. அணியின் பெண்கள் ஹெட்போனில், "அக்கா, என்னாச்சு? அக்கா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வயர்லதான் கோளாறு," என்று தவசி எழுந்தார். "இதை விடத் தடியா ஒண்ணு இருக்குன்னு கடைக்காரர் சொன்னாரு. அவர் வீட்டுக்கே போய் வாங்கியாரேன்." வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடிவிட்டார்.

அறையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

காளிராஜ் கல்லாவை விட்டு எழுந்தார். அக்கினி மூலையில் மண்டியிட்டு, பெட்டியின் பின்னால் கையை விட்டு, வயரின் முனையைக் கழற்றி மாட்டினார். சரியாயிற்றா என்று கேட்க வேண்டும். கேட்டுச் சொல்லத் தவசி இல்லை. சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"வருதா?"

மாரீஸ்வரி திரும்பவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னார்.

"வரலை."

"இப்ப?"

"வந்துட்டுப் போயிட்டு."

"இப்ப?"

"வருது. கையை எடுக்காதீக."

காளிராஜ் அசையாமல் மண்டியிட்டு நின்றார். "எடுக்காம எப்படி? ஆட்டம் முடியிற வரைக்கும் இப்படியே நிக்கவா?"

"நில்லுங்க. பொழுதுபோக்குத்தான?"

வயர் முனை கையில் நழுவியது. திரை அணைந்தது. இந்த முறை அதை யாரும் கவனிக்கவில்லை.

"அதுக்குத்தான் தப்புன்னு சொல்லிவிட்டேனே," என்றார் காளிராஜ்.

"எப்ப?"

"அன்னைக்கே. தவசிகிட்ட."

"அவன் 'சரின்னுட்டாக'ன்னு மட்டும்தான் சொன்னான்." மாரீஸ்வரி நாற்காலியைத் திருப்பினார். "நான் பெட்டியைப் பக்கத்துல கொண்டாரச் சொன்னேனே, அதுக்கு ஏன் பதிலே இல்லை?"

"எப்ப சொன்ன?"

"தவசிகிட்ட."

"அவன் வயர் வேணும்னுல்லா சொன்னான்!"

இருவரும் மாடிப்படியைப் பார்த்தார்கள். அங்கே தவசி இல்லை. அவருக்கு அது நல்ல காலம்.

காளிராஜ் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "மாரி, பெட்டியை எடுக்க எனக்கு மனசு வரலை. கௌரவம் இல்லை. போன பெட்டி புகைஞ்சப்போ நீ பக்கத்துல உக்காந்திருந்த. எனக்கு இன்னும் அந்த வாடை மூக்குல இருக்கு."

மாரீஸ்வரி இதை எதிர்பார்க்கவில்லை. அவர் குரல் இறங்கிவிட்டது. "இதை யாருகிட்ட சொல்லிவிட்டீக?"

"பயமா இருக்குன்னு சொன்னேன்."

"அதையும் முழுங்கிட்டானா!" அவர் எழுந்து நின்றார். "சரி, பெட்டி அங்கயே இருக்கட்டும். நான் அங்க வாரேன். மேசையை அந்தச் சுவருக்குக் கொண்டு போவோம்."

"அங்கன்னா கிழக்குப் பார்த்துல்லா உக்காரணும். வடக்குதான்னு வாஸ்துக்காரர் சொல்லியிருக்காரு."

"உங்ககிட்ட சொன்னாரா?"

காளிராஜ் யோசித்தார். வாஸ்துக்காரர் வந்த அன்று அவர் டீ வாங்கக் கீழே போயிருந்தார். திரும்பி வருவதற்குள் வாஸ்துக்காரர் கிளம்பிவிட்டார்.

"தவசிகிட்ட," என்றார் மெதுவாக.

வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கிழக்கு இல்லைன்னா வடக்கு, ரெண்டும் விசேஷம்னுதானே தம்பிகிட்ட சொன்னேன்? கிழக்குதான் முதல்ல சொன்னேன்," என்றார்.

மாரீஸ்வரி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. காளிராஜ் முதலில் அடக்கிப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்தார். ஹெட்போனில் நான்கு பெண்களும், "அக்கா, அழுறீங்களா?" என்று கேட்டார்கள்.

நேரம் அதிகமில்லை. இருவரும் மேசையின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்தார்கள்.

"கடைசியில் என்னையும் ஒருத்தர் கூப்பிட்டாங்க," என்றது மேசை. தரையில் நான்கு கால்களும் கிறீச்சிட, அது தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஊர் பார்த்துக்கொண்டே தெற்கே போனது.

மாரீஸ்வரி வாசல் ஓரத்து டப்பாவைத் திறந்து குட்டை வயரின் உறையைக் கிழித்தார். ஒரு முனையை மானிட்டரில் செருகினார். மறுமுனையைக் காளிராஜ் வாங்கிக் கார்டில் செருகினார். 'டக்' என்று சத்தம் கேட்டது.

"எட்டுது," என்றது குட்டை வயர். அது பெருமையாகச் சொல்லவில்லை. எட்டுகிறதா என்று அதுவும் அப்போதுதான் தெரிந்துகொண்டது.

மானிட்டர் கண்ணைத் திறந்தது. கார்டு அனுப்பியது ஒன்றுவிடாமல் வந்து கொட்டியது. படங்கள் மட்டுமல்ல, அதன் இரைச்சலும், கோபமும், அடுத்த பந்தி அடுத்த பந்தி என்கிற அவசரமும்.

"ஓய், நீர் இத்தனை நாளும் என்னைத் திட்டிக்கொண்டா இருந்தீர்?" என்று மானிட்டர் கேட்டது.

"ஆமாய்யா. நீரு?"

"நானும்தான்."

இரண்டும் இன்னொரு முறை திட்டிப் பார்த்துக்கொண்டன.

"முழுசாகக் கேட்டால் அவ்வளவு மோசமாக இல்லை," என்றது மானிட்டர்.

"நலம் விசாரிச்சதை விட இது எவ்வளவோ மேல்," என்றது கார்டு.

நீள வயர் வெறுந்தரையில் சுருண்டு கிடந்தது. தங்க முலாம் மங்கியது போலத் தெரிந்தது. குட்டை வயர் அதைப் பார்த்துச் சொன்னது: "அண்ணாச்சி, மனசு விடாதீக. ஆற அமர அறுபது படம் காட்டுற திரை எங்கயாவது இருக்கும். அங்க உங்களை விட்டா ஆள் கிடையாது." அது ஆறுதலா கேலியா என்று நீள வயருக்குக் கடைசிவரை புரியவில்லை. பழைய வயர் மட்டும், "எங்க மண்டபத்துல இடம் இருக்கு," என்றது.

தவசி இன்னும் தடியான வயரோடு மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். மேசை இடம் மாறியிருந்தது. திரை அணையாமல் ஓடியது. அக்காவும் அத்தானும் தோளோடு தோள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா," என்றார், "அத்தான்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"வேண்டாம்," என்றார் மாரீஸ்வரி. "நீ உக்காரு. உன்கிட்டதான் சொல்ல வேண்டியது நெறைய இருக்கு. ஆட்டம் முடியட்டும்."

ஆட்டம் தொடங்கியது.

தவசி இந்த இடத்தில் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டார்.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் என்ன, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

எனக்கு அது போதவில்லை. சொன்னவர் தவசி. எழுதிய பிறகு தப்பு என்று யாராவது சொன்னால் என்னால் தாங்க முடியாது. முதலில் வயர் சமாச்சாரத்தைப் படித்துப் பார்த்தேன். இந்த வேகத்துக்குச் சாதாரண வயரை இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் நம்ப முடியாது, சில சமயம் ஓடும், சில சமயம் அணையும் என்று இருந்தது. அதுவரை தவசி சொன்னது சரி.

பிறகு வேறொரு வேலையாகக் கோவில்பட்டிக்குப் போனபோது அந்த மாடியில் ஏறினேன். மேசை அக்கினி மூலைக்குப் பக்கத்தில் கிழக்குச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. குட்டை வயர் பெட்டிக்கும் மானிட்டருக்கும் நடுவில் லேசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் யார் என்று சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி, அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்தீர்களா என்று மாரீஸ்வரியிடம் கேட்டேன்.

"அதையும் சிந்திட்டானா?" என்றார். "தோத்துட்டோம்ங்க. ரெண்டாவது ரவுண்டுல."

"திரை அணைஞ்சிடுச்சா?"

"ஒரு தடவைகூட அணையலை. நான் செத்தது அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சுது."

கல்லாவிலிருந்து காளிராஜ் தலையைத் தூக்கினார். "இடது பக்கம் பார்த்திருக்கணும். அவன் சுவருக்குப் பின்னால இருந்து வந்ததை நான் பார்த்தேன். இவ பார்க்கலை."

"பார்த்தவுக அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே!"

"யாருகிட்ட?"

"உன்கிட்டதான்," என்றார் காளிராஜ்.

மாரீஸ்வரி என்னைப் பார்த்து ஒத்துக்கொண்டார். "ஆமா. சொன்னாக. நான்தான் கேக்கலை."